விரிப்பு துவைத்து வாங்கிய குடியுரிமை

என்னங்க,

இன்னைக்குக் குடியுரிமை கிடைச்சாச்சு. "ஆறே மாசத்துல அழுதுகிட்டு என் பின்னாடி வந்துடுவா"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஊர் திரும்பினீங்களே, எட்டு வருஷம் ஆச்சு.

அதிகாரி கேட்டார்: "இந்த நாட்டுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை. இந்த ஊர்ல உடம்பு சரியில்லாம படுத்தவங்க எல்லாரும் நான் துவைச்ச விரிப்புலதான் படுத்தாங்க"ன்னேன். சிரிச்சுகிட்டே முத்திரை குத்தினார்.

இனி புருஷனைக் கூப்பிட்டுக்கலாமாம். விண்ணப்பம் வாங்கி எல்லாத்தையும் நிரப்பிட்டேன், உங்க பேரைத் தவிர. நான் கெஞ்ச மாட்டேன். வரணும்னா நீங்களே வாயைத் திறந்து கேளுங்க.

போன வாரம் புதுக் கட்டில் வாங்கினேன். ரெண்டு பேர் படுக்கிற கட்டில்தான். நீங்க வரலேன்னா குறுக்கால படுத்து நிம்மதியா தூங்குவேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்க பொண்டாட்டிதான்