மஸ்கட்டிலிருந்து வந்த ராம்

சேலையூர்
14 மார்ச் 2026

அன்புள்ள ஜெர்சன் அத்தானுக்கு ஹெப்சி எழுதுவது.

இங்கே நானும் மாமாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை நேற்று போனிலேயே சொல்லிவிட்டீர்கள். அதனால் மறுபடியும் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தினமும் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தால் நீங்கள் விசா பேச்சை எடுக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் சிக்னல் சரியில்லை என்கிறீர்கள். காகிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது. உங்கள் நண்பர் ஜெபகுமார் லீவு முடிந்து திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதையும் மாங்காய்த் தொக்கையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள், தொக்கு எங்கேயும் ஓடிவிடாது.

ஜெபகுமார் இங்கே வந்த அன்று நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சிஸ்டர், ஜெர்சன் ராம் அனுப்பியிருக்கான்" என்றார். ஹாலில் இருந்த உங்கள் அப்பா காதில் அது விழுந்ததும் மூன்று காப்பிக்குச் சொல்லிவிட்டார். ஜெபகுமாரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே வாசல் கேட்டையே எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில், "அந்தத் தம்பி ராம் எங்கப்பா, வண்டி நிறுத்த எடம் கெடைக்கலையா?" என்று கேட்டார். ஜெபகுமார் பைக்குள்ளிருந்து கவரைப் பிரித்து, கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற இரண்டு பச்சை மெமரிப் பட்டைகளை, அரைச் சாண் நீளத்தில், டீப்பாய்மேல் வைத்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்கா காப்பி போட்டோம்" என்று சொல்லி அந்த மூன்றாவது டம்ளரையும் அவரே குடித்தார்.

அத்தான், நீங்கள் அனுப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். ராம் விலை இப்போது ஏறிக்கிடக்கிற கிடப்பில் கடை கடையாக அலைந்துதான் வாங்கியிருப்பீர்கள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாப் பாகமும் உட்காருகிற மதர்போர்டு எதுவோ அதற்கேற்ற ராம்தான் அதில் உட்காரும். ஒவ்வொரு தலைமுறை ராமுக்கும் அடியில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும், தப்பானதை உள்ளே இறக்கவே முடியாது. நம் பழைய கம்ப்யூட்டர் பெட்டி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்தபோது வாங்கியது. அதற்கு டிடிஆர் மூன்று, அதாவது மூன்றாம் தலைமுறை ராம். நீங்கள் அனுப்பியது நான்கு. நான் வாங்க நினைத்திருந்த போர்டுக்கு ஐந்து. இருப்பதற்கும் சேராமல் வரப்போவதற்கும் சேராமல் அது டீப்பாய்மேல் கிடந்தது.

பெட்டி மாற்ற என்ன அவசரம் என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் வீடு கட்டுகிறவர்களுக்கு நான் முகப்பு ஒன்று கம்ப்யூட்டரில் வரைந்து வண்ணம் ஏற்றிக் கொடுத்தால் எலிவேஷன் பிரமாதம் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது முடிச்சூர் தசரதன் அண்ணன், தன் நிலத்தில் கட்டப்போகிற அடுக்குமாடிக்குள் நடந்து போவது போலவே வீடியோ கேட்கிறார். பரம்பரையாகப் பயிர் வைத்த நிலம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் பார்த்துச் சம்மதித்தால்தான் கையெழுத்து. பழைய பெட்டி அந்த வீடியோவைப் பாதி போட்டதும் மூச்சை விட்டுவிடும். அவர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, பொட்டி சுத்திகினே கீது. பங்காளிங்க வர்றதுக்குள்ள முடியலேன்னா பேஜாராப் பூடும், நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

நீங்கள் சொன்ன வழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த ராமுக்குத் தோதாக மலிவான போர்டு ஒன்றைப் போட்டு ஜூன் வரைக்கும் ஓட்டு. ஜூனில் விசா வந்துவிடும். பெட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்பி வா, இங்கே ஒரு லேப்டாப் வாங்கித் தருகிறேன். அப்பா கேளம்பாக்கத்தில் சுஜி வீட்டில் இருக்கட்டும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னீர்கள். உங்கள் தங்கையிடம்கூட முன்கூட்டியே பேசிவிட்டீர்கள் போலிருக்கிறது. என்னிடமும் மாமாவிடமும்தான் பேசவில்லை.

போன வாரம் கேம்ப் ரோட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மாமாவும் வருவேன் என்று ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டார். கடைக்காரர் சத்யநாராயணன் உங்கள் ராமைப் பார்த்ததும், "மேடம், இதுக்கு ஏத்த போர்டு ஸ்டாக்ல இருக்கு. சார் அனுப்புனது வேஸ்ட் ஆகாது, செலவும் பாதிதான்" என்றார். மாமாவும், "பையன் வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்புனதும்மா, அதையே போட்டுடேன்" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. பிறகு கடைக்காரரிடம், மூன்று வருஷம் கழித்து இந்தப் போர்டில் புது ப்ராசசர் மாட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது மேடம், இந்த வரிசை இதோடு சரி என்றார். ராமுக்காகப் போர்டு வாங்கக் கூடாது அத்தான். வேலைக்கு ப்ராசசர், ப்ராசசருக்குப் போர்டு, போர்டுக்கு ராம். அந்த வரிசையை நான் மாற்றவில்லை.

அவர் அதன் பிறகு கலர் கலராக விளக்கு எரிகிற போர்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கேம் விளையாடுகிற பையன்களுக்குக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ப்ராசசரில் கோர் அதிகம் வேண்டும். பந்தியில் பரிமாற ஆள் கூடினால் பந்தி சீக்கிரம் எழுந்துவிடும் இல்லையா, அது போல ஒவ்வொரு கோரும் படத்தில் ஒரு துண்டை எடுத்து வரைந்துவிடும். அதனால் பன்னிரண்டு கோர் உள்ளதாக எடுத்தேன். போர்டு பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் கரண்ட் வாங்கிக் கொடுக்கிற பகுதியில் சூட்டை இறக்க நல்ல கனமான ஹீட்சிங்க் வைத்திருக்கிறான் கம்பெனிக்காரன். நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் நாள் முழுக்க ஓட வேண்டுமே. ராம் அறுபத்து நான்கு ஜிபி, இரண்டு துண்டாக. இன்னும் இரண்டு இடம் காலியாக விட்டிருக்கிறேன். எல்லாம் என் சம்பாத்தியம், உங்கள் பணத்தில் கை வைக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையை ஒழித்துவிட்டு நானே மாட்டினேன். ப்ராசசரை அதன் குழியில் வைத்துக் கம்பியை அழுத்தும்போது கறக் என்று ஒரு சத்தம் வரும். அது வந்துதான் ஆகும் என்று தெரிந்தும் கையை எடுத்துவிட்டு ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. மாமா உடனே எழுந்து நின்று ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டார். உங்கள் அப்பா ஜெபம் தெரியும்தானே, மஸ்கட், சேலையூர், தாம்பரம் ரயில்வே எல்லாரையும் ஆசீர்வதித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அவர் ஆமென் சொல்லவும் திரையில் வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. புது ராம் முதல் தடவை தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் ராம் வீணாகவில்லை. ஞாயிறு ஆராதனையை நேரலையில் காட்டுகிற சபைக் கம்ப்யூட்டர் பாட்டு நடுவில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு டிடிஆர் நான்குதான். போய் மாட்டிக் கொடுத்தேன். போன ஞாயிறு சபைப் போதகர் ஐயர் மேடையிலேயே, மஸ்கட்டிலிருந்து சகோதரர் ஜெர்சன் அனுப்பிய காணிக்கை என்று உங்கள் பேரைச் சொன்னார். மாமா மூன்று பேரிடம் திரும்பி, "எம்பையன்" என்றார். அனுப்பினதற்கு நன்றி அத்தான், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்தது. புதன்கிழமை தசரதன் அண்ணன் பங்காளிகளோடு வந்தார், அவர் வீட்டம்மா தையல்நாயகி அக்காவும் வந்திருந்தார். வீடியோ கடைசிவரை எங்கும் நிற்காமல் ஓடியது. "தோ பார்றா, நெசமாவே வூட்டுக்குள்ள நடந்து போறா மாரி கீது" என்று அண்ணன் சிரித்தார். தையல்நாயகி அக்கா மட்டும், "அடுப்பு மேட எந்தப் பக்கம் பாத்துக் கீது? கெழக்கால வெச்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். அவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் மேடையைக் கிழக்கே திருப்பி, சமையலறைக்குள் மறுபடியும் நடத்திக் காட்டினேன். பங்காளிகள் அங்கேயே சம்மதித்துவிட்டார்கள். அடுத்த நிலத்துக்கும் நான்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அண்ணன் வாசலில் நின்று, "ஊட்டுக்காரர் கூப்டுகினே கீறாராமே, ஜூன்ல போயிடுவியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"போகலண்ணே" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன், அதுதான் என் பதில். உங்களிடம் சொல்ல வேண்டியதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மாமா கதவுக்குப் பின்னால் காப்பி டம்ளர்களோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். கேளம்பாக்கம் பேச்சு சுஜி மூலமாக அவர் காதுக்கு வந்திருக்கும், கொஞ்ச நாளாகவே சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். அன்றைக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டார்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். அதைவிட அதிகமாக, நீங்கள் பக்கத்தில் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்களைத்தான் தேடினேன். நீங்கள் என்னைக் கூப்பிடுவதும் அதனால்தான் என்று தெரியும். ஆனால் நான் அங்கே வந்தால் உங்கள் அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே எனக்கு வேலை இருக்கிறது, என்னை நம்பிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், நான் அதில் கெட்டிக்காரி. விசாவை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. அங்கே நீங்கள் பார்க்கிற அதே வேலைக்கு, சைட்டில் நின்று கம்பியும் கான்கிரீட்டும் பார்க்க, தசரதன் அண்ணன் நம்பகமான இன்ஜினியர் தேடுகிறார். நான் யார் பேரையும் சொல்லவில்லை. அங்கே நீங்கள் வாங்குகிற சம்பளத்தை அவரால் தர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூனில் உங்களுக்கு லீவு இருக்கிறதல்லவா, நீங்கள் வாருங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள், முதுகு வலித்தால் தைலம் போட்டுவிட்டுப் படுங்கள். எங்கள் இரண்டு பேருடைய ஜெபமும் உங்களோடு இருக்கிறது. டிக்கெட் போடும்போது திரும்பும் தேதி கேட்பான். அதை நிரப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள் அத்தான்.

என்றும் உங்கள்
ஹெப்சி