நான் அச்சடித்த லேபிள்

அன்புப் பாப்புவுக்கு,

உனக்கு அங்கே உடம்பும் வேலையும் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாப்பு தனியா உட்கார்ந்து அழுவா, சொல்லாதீங்க என்று அவள்தான் தடுத்தாள். ஆனால் காரணம் நான், அதனால் நானே சொல்ல வேண்டும்.

எட்டு மாதம் முன்பு நம் அச்சகத்துக்கு ஒரு பவுடர்காரர் வந்தார். சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா, பக்கவிளைவே கிடையாது, நாற்பதே நாளில் மாத்திரைக்கு விடுதலை என்று லேபிள் அடிக்கச் சொன்னார். தயாரிப்பவர் முகவரி எங்கே என்றதற்கு, அது எதுக்கு சார், போன் நம்பர் போதும் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓரத்தில் இடம் காலியா இருக்கு, யாருக்கோ குணமான மாதிரி நாலு வரி நீங்களே போட்டுடுங்க என்றார். போட்டேன், பாப்பு. பத்து வருடம் மாத்திரை விழுங்கிய ஓர் இல்லத்தரசி இப்போது மூச்சு வாங்காமல் மொட்டை மாடிக்கு ஏறுகிறார் என்று எழுதினேன். அம்மா படியில் திணறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வரி எனக்கு வந்தது.

லேபிள்களை வீட்டில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பது அம்மாதானே. அந்த வரியை எத்தனை நூறு தடவை படித்தாளோ. அந்தப் பவுடர்காரரிடமே டப்பா கேட்டு வாங்கி, என்னிடம் சொல்லாமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள். காலில் புண் வந்தபோது, கழிவு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி என்று அந்த ஆள் போனில் சொன்னாராம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். கல்யாணப் பத்திரிகையில ஒரு எழுத்து தப்பினாலே மறுபடி அடிக்கிற மனுஷன் நீங்க, உங்க கடையில அடிச்சதை நிஜமான்னு உங்ககிட்டயே கேப்பாங்களா என்றாள்.

மருந்து ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைக்கு என்ன வந்தாலும் வரட்டும். ஆனால் நேற்று கட்டு மாற்றும்போது அம்மா, அந்த மாடி ஏறுற அம்மா நம்பர் கிடைக்குமாங்க, அவங்க எப்படிக் கலக்கிச் சாப்பிட்டாங்கன்னு கேக்கணும், நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல என்றாள். நான் பஞ்சை எடுக்கக் குனிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டு உள்ளே போய், அப்படி ஓர் அம்மாவே இல்லை என்று அவளிடம் சொல்லப் போகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு நோயில்லாமல் இருக்க வேண்டும். உன் தைராய்டு மாத்திரையை உன் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதே, அப்பாவே அச்சடித்துக் கொடுத்தாலும்.

உன் அப்பா