இரண்டையும் அணைத்துவிட்டுக் கூப்பிடு

அன்புள்ள வாலுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவ்வளவு நேரம் பேசிய பிறகும் கேட்கிறேன் என்றால் அதற்குக் காரணம் உன் ஆராய்ச்சிதான்.

அந்த ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய டேப்லெட்டை மேல்மாடித் தையல்காரர் வந்து பொருத்திக் கொடுத்தார். நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது, நீ பேசப் பேசத் திரையின் அடியில் எழுத்து ஓடியது, உன் அம்மாவின் இயர்போனில் ஒரு குரல் உன்னை வர்ணித்தது. காது போன அப்பாவும் கண் மங்கிய அம்மாவும் இனி யார் தயவும் இல்லாமல் பேசலாம் என்று நீ பெருமையடித்ததையும் எழுத்தில்தான் படித்தேன். உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து அதே திரையில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தார்கள், அதில் தாடிக்காரர் ஒருவர் எழுத்து வசதியாக இருக்கிறதா ஐயா என்று கேட்டார், உன் மானம் கப்பலேறக் கூடாதே என்று நன்றாக இருக்கிறது என்றேன். அதைக் குறித்து வைத்திருந்தால் அடித்துவிடு.

உன் அம்மாவின் தயவு எனக்குக் கசந்தது என்று உனக்கு யார் சொன்னது? இத்தனை நாள் நீ போனை வைத்த பிறகுதான் எங்கள் பேச்சே ஆரம்பிக்கும். காது அவளுடையது, கண் என்னுடையது. நீ சொன்னதை அவள் என் வலது காதில் வாயை வைத்துக் கத்துவாள், மேல்மாடியில் தையல் மெஷின் நின்றுவிடும். நீ தலை வாராமல் உட்கார்ந்திருந்தாய், ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாய் என்று நான் சொல்வேன், அவள் நம்பாமல் குறுக்கு விசாரணை செய்வாள். எல்லாம் சுகம் என்று நீ சொன்னதை அவளும் உன் கண் வீங்கியிருந்ததை நானும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் நீ தூங்குவதில்லை என்று கண்டுபிடித்தோம். நீ கொஞ்ச நேரம் பேசினால் எங்களுக்கு அது வாரம் முழுக்கத் தாங்கும்.

இந்த ஞாயிறு வழக்கம்போல நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். நீலச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி, சிரிச்ச முகம், எல்லாத்தையும் அதுவே சொல்லிடுச்சு என்றாள். நீ சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். அப்புறம் என்ன பேசுவது? அவள் இயர்போனைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் கேள். எழுத்தை விடாமல் படித்ததில் உன் முகத்தை நான் பார்க்கவேயில்லை. கடைசியில் எழுத்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தேன், நீ சிரிக்கவில்லை. சின்ன வயதில் டாக்டருக்குப் பயந்து பல்வலியை மறைப்பாயே, அந்த மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். அவளிடம் சொன்னேன். அது சிரிக்கிறான்னு சொல்லுது, உங்க கண்ணுக்கு எல்லாரும் அழுமூஞ்சிதான் என்றாள். கல்யாணமான நாள் முதல் என் கண்ணை நம்பியவள் பார்சலில் வந்ததை நம்புகிறாள். அன்றிலிருந்து சாப்பாடு வெச்சிருக்கு என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, அவளைத் தவிர என் காதில் கத்த இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

எத்தனையோ பேருக்கு இது வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. ஆலை வேலையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றே எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், அந்த இரைச்சலில்தான் காதும் போனது, எழுத்தின் அருமை எனக்குத் தெரியும். தனியாக இருப்பவர்களுக்குக் கொடு, கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் தனியாக இல்லாமல் இருந்தோம்.

நேரத்துக்குத் தூங்கு, வெறும் வயிற்றோடு வேலைக்கு உட்காராதே. நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். வரும் ஞாயிறு அந்த எழுத்தையும் குரலையும் அணைத்துவிட்டுக் கூப்பிடு, பெட்டியில் வேறு ஆள் வேண்டாம். அன்றைக்குச் சிரித்தாயா, உனக்கு என்னதான் கஷ்டம் என்று அம்மாவிடம் சொல். என்னிடம் சொல்லாதே. அவள் வந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும் உன் அப்பா