சாமியாரின் நன்றிக் கடிதங்கள்

ஜவ்வாது மலை,
10-12-1978

அம்மாவுக்கு லாசர் தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

எங்கள் பிரெஞ்சு சாமியார், கம்பளி அனுப்பிய வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் நன்றி எழுதுகிறார். ‘தேங்க்யூ ஃபார்’ என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘தேங்க்யூ டு’ என்கிறார். நேற்று டைப் அடிக்கும்போது திருத்தினேன். கிழித்துப் போட்டுவிட்டார்.

“இன்னா லாசர் இது? தப்பு அப்படியே இர்க்கட்டும். சரியா இர்ந்தா குமாஸ்தா எழுதினதுன்னு நெனைச்சிடுவாங்க.”

பி.ஏ. படித்தவன், இன்று நாற்பது கடிதங்களையும் தப்பாகவே அடித்தேன்.

கம்பளி சம்பளக்காரனுக்குக் கிடையாதாம். குளிர் அதிகமில்லை. இருந்தாலும் என் பழைய போர்வையைப் போளூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். இந்தக் கடிதத்தை வாங்கிப்போகக் கண்டக்டர் காத்திருக்கிறார், முடிக்கிறேன். நன்றி எழுதவில்லையே என்று வருந்தாதீர்கள். என்னிடம் இருந்ததெல்லாம் இங்கேயே தீர்ந்துவிட்டது.

லாசர்