சங்கு ஊதாம வந்த ஜீப்பு

ஸ்கெலட்டன் லைன், மைன்ஸ் குவாட்டர்ஸ்
ஞாயித்துக்கிழமை

அன்பு மகள் ஷோபாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் உன் தம்பி உதயும் நல்லா இருக்கோம், அங்க டப்ளின்ல நீயும் மாப்பிள்ளையும் ஷில்பாவும் ஒரு தும்மல் இருமல் இல்லாம இருக்கணும்னு தினம் வெளக்கேத்தும்போது கேட்டுக்கிறேன். இன்னா இது, வாட்ஸ்அப் இருக்கச்சே அம்மா பேப்பர்ல எழுதறாளேன்னு பாக்காதே. போன்ல உதய் பேரை எடுத்தாலே நீ அழறே, நான் கத்தறேன், நடுவுல உங்கப்பா போனைப் புடுங்கி அங்க மழையான்னு கேக்கறார். ஜெசிந்தா பொண்ணு லவினா வியாழக்கெழமை அங்க வர்றா, அவ கையில இதையும் மாங்கா ஊறுகாயும் குடுத்தனுப்பறேன். ஊறுகாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி இதைப் படி.

இந்த மாசக் கடைசிக்குள்ள உதயை பெங்களூர் ஹோம்ல சேத்துடணும், கையெழுத்துப் போடுன்னு நீ அனுப்பின ஃபாரம் டிவி பக்கத்துல தான் இருக்கு. உன் பயம் எனக்குப் புரியாம இல்ல. போன வருஷம் அவன் மாத்திரையை நிறுத்திட்டு ரோட்டு நடுவுல நின்னு கத்தினப்போ போலீஸ் ஜீப்பு சைரன் போட்டுக்கினு வந்துச்சு, இவன் ஓடினான், தப்பிச்சு ஓடறான்னு தொரத்திப் புடிச்சு லத்தியால அடிச்சு கையை ஒடச்சுட்டாங்க. அன்னையில இருந்து கேட்டுக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்கேன், நாப்பது தாண்டின புள்ளைக்கு. இன்னொரு தடவை அடி வாங்கினா தாங்க மாட்டான்னு நீ சொல்றே, நானும் அதையே தான் நெனச்சுக்கினு இருந்தேன்.

இப்போ நேத்ரான்னு ஒரு லேடி எஸ்.ஐ வந்திருக்காங்க. போன மாசம் நம்ம பக்கத்து லைன் பாலகாட் ஹால்ல ஒரு மீட்டிங் வெச்சாங்க, மனசு சரியில்லாதவங்க இருக்கற வீட்டுக்காரங்க எல்லாம் வாங்க, நாங்க எப்படி வரணும்னு நீங்களே சொல்லுங்கன்னு. காபி பிஸ்கட் வேற. நான் எழுந்து கன்னடம் பாதி தமிழ் பாதியா கால் மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன், உங்கப்பா முந்தானையைப் புடிச்சு இழுத்துக்கினே இருந்தார். அப்பால அவரே எழுந்தார். தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் வாயில முப்பது வருஷம் டோக்கன் வாங்கி, மணியடிச்சு, ஆளுங்களை கேஜ் கூண்டுல ஏத்தி எறக்கின மனுஷன் இல்லியா, அந்தப் பழைய கொரல் வந்துடுச்சு. இந்த ஊர்ல ஷிஃப்ட் நேரம் இல்லாத நேரத்துல சங்கு ஊதினா கீழ ஆக்சிடென்ட்டுன்னு அர்த்தம், கேட்டவன் எல்லாம் ஷாஃப்டுக்கு ஓடுவான், என் புள்ளை வேலைக்குக் காத்துக்கினு இருந்த வருஷம் மைன்ஸை மூடிட்டாங்க, அவன் மனசுல மட்டும் இன்னும் ஷிஃப்ட் நடக்குது, உங்க சைரனைக் கேட்டு அவன் ஓடினது தப்பிக்கறதுக்கு இல்ல மேடம், ஆளுங்களைக் காப்பாத்தறதுக்குன்னார். எனக்கே அப்போ தான் தெரியும், மனுஷன் ஒரு வருஷமா இதை மனசுலயே வெச்சுக்கினு இருந்திருக்கார். அந்தம்மா ஒண்ணு விடாம நோட்டுல எழுதிக்கினாங்க.

போன செவ்வாக்கெழமை காலையில ரேஷன் கடைக்கு ஓடற அவசரத்துல கேட்டைப் பூட்ட மறந்துட்டேன். திரும்பி வந்தா ஆள் இல்ல. வாயில போட்ட மாத்திரையைத் துப்பித் துப்பி ஜன்னல் வழியா எறிஞ்சிருக்கான், கள்ளன். தேடிக்கினு ஓடினா, பஸ் ஸ்டாப்புல பெங்களூர் பஸ்ஸை கேஜுன்னு நெனச்சுக்கினு குறுக்க நின்னு, டோக்கன் குடுக்காம ஒருத்தரும் கீழ போகக் கூடாதுன்னு சட்டம் பேசறான். டிரைவர் ஹாரன் அடிக்கறான், ஒருத்தன் வீடியோ எடுக்கறான். நான் தான் ஸ்டேஷனுக்கு போன் பண்ணேன், ரெண்டு தடவை தப்பு நம்பர் போட்டுட்டேன்.

ஜீப்பு வந்ததே தெரியல. தூரத்துல வளைவுலயே நின்னுடுச்சு, ஒரு சத்தம் இல்ல. லத்தியை உள்ளயே வெச்சுட்டு அந்தம்மாவும் பவன்னு ஒரு கான்ஸ்டபிளும் கடைக்குப் போறவங்க மாதிரி நடந்து வந்தாங்க. மொதல்ல வீடியோக்காரனை வெரட்டினாங்க. உதய் பவன் கிட்டயும் டோக்கன் கேட்டான். அவர் ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, சட்டையில இருந்த நேம் பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட்டார். அவ்ளோதான், பஸ்ஸே எறங்கி லைன் கட்டிடுச்சு! ஒருத்தர் டிக்கெட்டு, ஒருத்தர் ஆதார் கார்டு, ஒரு அம்மா சாவிக்கொத்து. கண்டக்டர் வேற, தள்ளாம வாங்க தள்ளாம வாங்கன்னு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துடுச்சு போ.

உங்க ஷிஃப்ட் எப்போ முடியும்னு எஸ்.ஐ மெதுவா கேட்டாங்க. மணி அடிக்கணும்னான். அதுக்குள்ள பக்கத்து வீட்டு பாஸ்கரன் உங்கப்பாவை லுங்கியோட ஸ்கூட்டர்ல ஏத்தி இட்டாந்துட்டார். உங்கப்பா கைத்தடியால இரும்புக் கம்பத்துல, ஆளுங்களை மேல ஏத்தற கணக்குல டங் டங்குன்னு தட்டினார். உதய் எல்லாத்தையும் அவங்கவங்க கிட்ட ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்டு அப்பா கையைப் புடிச்சுக்கினு ஆட்டோல ஏறினான். ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப்பு பின்னாடியே வந்துச்சு. ஒரு அடி இல்ல, ஒரு கெட்ட வார்த்தை இல்ல. ரெண்டு நாள் வெச்சிருந்து மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்க. நேத்து நாலு தோசை சாப்பிட்டுட்டு சட்னில உப்பு இல்லன்னு குத்தம் சொன்னான், அப்போ தேறிட்டான்னு தானே அர்த்தம்.

பாஸ்கரன் பேரைப் படிச்சதும் நீ மூஞ்சியைத் திருப்பியிருப்பே. போன வருஷம் போலீஸைக் கூப்பிட்டது அவர் தான்னு ஒரு வருஷமா அவர் கூட நீ பேசறதில்ல. அவர் இல்ல ஷோபா. நான் தான் கூப்பிட்டேன். லாரி மோதிடுமோன்னு பயந்து கூப்பிட்டேன், என் கண்ணெதிர்லயே அடிச்சாங்க. நீ போன்ல அவரைத் திட்டினப்போ நான் வாயைத் தொறக்கல. அந்த மனுஷனும் தெரிஞ்சே கம்முன்னு இருந்துட்டார். என்னை மன்னிச்சுடு கண்ணு. முந்தாநாள் உதய் தெளிவா இருந்தப்போ அவன் கிட்டயும் சொல்லிட்டேன். ஒடஞ்ச கையைக் கொஞ்ச நேரம் தடவிக்கினே இருந்தான். அப்பால, நீ கூப்பிட்டது சரி தாம்மா, அவங்க வந்த விதம் தான் சரியில்லன்னான்.

அதனால ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடல. கோச்சுக்கினாலும் பரவாயில்ல. மாப்பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதம், ஷில்பாவுக்கு ஆயிரம் முத்தம், நீங்க எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். பாஸ்கரன் மாமாவுக்கு நீயே போன் பண்ணிப் பேசு, மறந்துடாதே.

உன் அம்மா
பார்வதம்மா