நம் தெருவுக்கு வந்த கச்சேரியும் சாத்திய ஜன்னலும்

இன்று காலை வாசல் பெருக்கும்போது துடைப்பத்தில் ஜிகினாத் தாள் மாட்டிக்கொண்டு வந்தது, அத்தை. சிவப்பும் தங்கமுமாகத் துண்டு துண்டாக, கேட்டுக்கு அடியில், சாக்கடை ஓரத்தில், செருப்பு விடுகிற இடத்தில் எல்லாம் ஒட்டிக் கிடந்தது. நேற்று மேடையில் கடைசிப் பாட்டுக்கு வெடித்துத் தூவினார்களாம். பாட்டு ஊருக்கு, குப்பை எனக்கு. அதை முறத்தில் அள்ளும்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்காமல்தான் உங்களோடு பேச உட்கார்ந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் இதற்கெல்லாமா கோபம் என்பார்கள்.

நம்மாளு பாட வந்தார், அத்தை. நம் சேக்காட்டுக்கு, நம் தெரு ஆடித் திருவிழாவுக்கு. கேட்டில் நின்று எட்டிப் பார்த்தால் மேடை தெரியும். நான் பார்க்கவில்லை. நீங்கள் போய் வருஷம் திரும்பவில்லை, இது துக்க வீடு என்று சொல்லி என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் என்றாலே எனக்கு உதறல். பாத்திரம் தேய்த்தபடி இந்தப் பாடகரின் பாட்டு ஒன்றை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நீங்கள் அடுத்த வரியை எடுத்துப் பாடினீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே உங்களுக்கு அவர் குரல் என்றால் உயிராம். அதற்கப்புறம் நமக்குள் அவர் பேர் சொல்லிப் பேசியதே இல்லை. 'நம்மாளு'தான்.

அவருக்காக நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? பூந்தமல்லியில் கச்சேரி என்றால் சாயந்திரமே சமைத்து மூடி வைப்போம். ஆனால் உங்கள் மகன் வந்து, சாப்பிட்டு, கை கழுவினால்தானே நாம் படி இறங்க முடியும்? ஆவடியில் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பாதிக் கச்சேரி முடிந்திருக்கும். ஒருமுறைகூட அவருடைய முதல் பாட்டை நாம் கேட்டதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் சொல்வீர்கள்: "நம்மூருக்கு ஒரு நாளு வராமயா பூடுவாரு? அன்னிக்கு மொதப் பாட்டுலேர்ந்து குந்திக்கினு கேக்கலாம்மே."

ஐயப்பன்தாங்கலில் நீங்கள் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? டிரம்ஸ் சத்தத்தில் அவர் குரலே எழும்பவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு சவுண்டுக்காரரிடம் போய் நின்றீர்கள். "யோவ், நெஞ்சுல குத்துற மாதிரி கீது. அத்த கம்மி பண்ணு. அவரு கொரலு எங்கய்யா?" நான் வெட்கத்தில் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மேடையிலிருந்து அவர் பார்த்துவிட்டுச் சிரித்தபடி உங்களைக் கும்பிட்டார். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் நம் இரண்டு பேருக்கும் ஒரு தலையசைப்பு உண்டு.

நேற்று உங்கள் மகள் அம்பத்தூரிலிருந்து மத்தியானமே வந்து இறங்கிவிட்டார், என்னைக் காவல் காக்க.

"அண்ணி, கேட்டாண்ட நின்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்று நாத்தனாரிடம் கெஞ்சினேன்.

"இன்னா பேசற நீ? எங்கம்மா போயி வருசம் கூட திரும்பல. துக்க ஊட்டு மருமவ கச்சேரி கேட்டா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அவரு மட்டும் போறாரே?"

"அவன் திருவிழா கமிட்டில கீறான். போவாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

உங்கள் மகன் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்குக் கமிட்டி இருக்கிறதாம், வந்தவள் துக்கம் காக்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

நாத்தனார் ஜன்னலையும் சாத்தினார். சாத்திய ஜன்னல் வழியாகப் பாட்டு வராது, அத்தை. வெறும் தும் தும் என்ற அதிர்வுதான் வந்தது. சமையலறையில் டப்பா மூடிகள் கடகடத்தன. சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். உங்கள் மகன் திரும்பி வந்ததும், முதல் பாட்டு என்ன பாடினார் என்று கேட்டேன். "ஏதோ சாமி பாட்டு" என்றார். இந்த மனுஷனை அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார்கள்!

இதோடு போயிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். காலையில் எதிர்வீட்டு ஸ்டெல்லா வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டாள். உங்கள் கருமாதிக்குக் கட்டிய ஃப்ளெக்ஸை இன்னும் டீக்கடைக் கம்பத்திலிருந்து கழற்றவில்லை. நேற்று மேடைக்கு நேர் எதிரே நீங்கள்தான். செத்தவருக்கு முதல் வரிசை, உயிரோடு இருப்பவளுக்கு அடுப்பங்கரை. பாடி முடித்துவிட்டு டீ குடிக்க வந்தவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"'ஐயோ, இந்தம்மாவா போய்ட்டாங்க'ன்னாரு. அப்பால, 'இவங்க கூட கண்ணாடி போட்டுகினு ஒரு பொண்ணு வருமே, எங்க அது?'ன்னு கேட்டாரு. உங்க ஊட்டுக்காரரு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு. 'அவ வரமாட்டா சார்'னு சொல்லிட்டாரு" என்றாள் ஸ்டெல்லா.

வரமாட்டாளாம்!

மாமா செத்தபோது உங்களையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். "ஒரு வருசம் ரேடியோவ போடவுடல. ரேடியோ இன்னாம்மே பாவம் பண்ணுச்சு?" அன்றைக்குச் சிரித்துவிட்டேன். நேற்றுதான் அது உங்களுக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று புரிந்தது.

இன்று ஆடி அமாவாசை. உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். "எங்கம்மாவுக்குப் புடிச்சது ஒண்ணு கொறையக் கூடாது" என்று நாத்தனார் பக்கத்தில் நின்று ஏவிக்கொண்டிருந்தார். வடை, வாழைக்காய் வறுவல், வெற்றிலை பாக்கு, பன்னீர் சோடா எல்லாம் வைத்தேன். கடைசியாக என் ஃபோனை இலை ஓரத்தில் வைத்து, நம்மாளு பாட்டை முழுச் சத்தத்தில் போட்டேன்.

"இன்னா பண்ற நீ? நிறுத்து அந்தப் பாட்ட!"

"புடிச்சது ஒண்ணு கொறையக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, அண்ணி?"

உங்கள் மகன் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். பாட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை. நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவரும் உங்கள் வயிற்றில் பிறந்தவர்தானே, அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தானே.

அதற்காக என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபோனில் பாட்டு நாளைக்கும் கேட்கும். ஆனால் அந்த மனுஷர் நம் தெருவில் நின்று என்னைத் தேடியிருக்கிறார், நான் வரமாட்டேன் என்று அவருக்குப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அடுத்து அவர் எங்கே பாடினாலும் யாரையும் கேட்காமல் போகப் போகிறேன். வருஷம் திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி. அவர் முன்னால் போய் நின்று என் வாயால் சொல்ல வேண்டும், அத்தை: "நான் வரமாட்டேன்னு சொல்லலீங்க. என்னை வரவுடல."