தெமிர்பாய் என்று கூப்பிடுவார்கள்

எழுந்ததும் இதைப் படியுங்கள். நான் அத்தையோடு புனித ஊற்றுக்குப் போகிறேன், மூன்றாவது தடவையாக. மரத்தில் துணி கட்டி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, பிள்ளை வரம் கேட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவோம்.

சூப் அடுப்பின் மேலே இருக்கிறது. கார் சாவி உங்கள் தொப்பிக்குள். தொப்பி இல்லாமல் நீங்கள் வாசலைத் தாண்டமாட்டீர்கள்.

பதினொரு மணிக்கு நரின் ஊர் டாக்டரிடம் உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். "அங்க பேரு எழுதுற பொண்ணு நம்ம ஊர்க்காரிடி, என் பேரைப் பார்த்தா ஊரே சிரிக்கும்" என்று நேற்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே. உங்கள் பெயரை நான் சொல்லவே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நாலு வருஷமாக அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நம் கிடாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். "தெமிர்பாய்" என்று கூப்பிட்டால் எழுந்து போங்கள்.

பெட்டை ஆடுகள் சினை பிடிக்காதபோது உங்கள் அண்ணனிடம், "ஆடுகளை ஏண்ணே திட்டுற, முதல்ல கிடாவை மாட்டு டாக்டர்கிட்ட காட்டு" என்றது யார்? கிடாவுக்கு மருந்து கொடுத்த பிறகு பத்தொன்பது குட்டிகள்.

என் சோதனையெல்லாம் சரியாக இருப்பது உங்களுக்கே தெரியும். நான் வாளி வாளியாகக் குடித்தாகிவிட்டது. நீங்கள் சோதனைக்கு ஒரு சின்னக் குப்பியை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு, உங்கள் பெர்மெத்

மறந்துவிட்டேன்: முடிவு எப்படி வந்தாலும் நான் உங்கள் பக்கம்தான். அத்தையிடம் மூச்சு விடமாட்டேன். பிள்ளை பிறந்தால் பெருமை ஊற்றுக்கே போகட்டும்.

ஆனால் அதற்குத் தெமிர்பாய் என்று பெயர் வைக்க விடமாட்டேன்.